யார் ஊசி போடலாம்

எங்கள் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரை எனக்கு முதல் வாரத்திலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதை மறைத்துப் பேச இப்போது ஒரு காரணமும் இல்லை. அவர் செத்துப்போய்விட்டார். நான் துக்கம் கேட்கப் போகவில்லை.

நான் வடுகபட்டிக்காரி. வெள்ளாமை வீடு. கல்யாணமான சூட்டோடு புருஷன் குளிர்காய்ச்சலில் போனார். அண்ணன் வீட்டில் மதினியின் அடுப்படியில் புகையைத் தின்றுகொண்டு கிடந்தேன். பிரசவம் பார்க்கப் பெண்களை ஜில்லா போர்டு மதுரையில் படிக்க வைக்கிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன். "தீட்டு அள்ளுற வேலைக்கா போறே? அப்படியே போயிரு. இந்த வாசல மிதிக்காத" என்றார் அண்ணன். மிதிக்கவில்லை, அவரே வந்து கூப்பிடும்வரை.

படித்து, பரீட்சை எழுதி, நர்ஸ் பதிவில் பெயர் ஏறிய பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். மூன்று அறை உள்ள ஓட்டுக் கட்டடம். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், நான், கூட்டிப் பெருக்க ஓர் ஆள். டாக்டர் கெட்டவர் இல்லை, சோம்பேறி. ஆம்பளை டாக்டர் தொடுவதற்குப் பெண்கள் சம்மதிக்கவும் மாட்டார்கள். அதனால் பிரசவத்தில் கிழிந்தால் தையல் போடுவது, பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்க எர்காட் ஊசி போடுவது எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார். சட்டப்படி மருத்துவச்சி அதையெல்லாம் செய்யக் கூடாது. "நான் சொல்லிச் செய்யுறே. யாராச்சும் கேட்டா என்னைக் கைகாட்டு" என்பார். யாரும் கேட்கவில்லை.

சீமையில் சண்டை தொடங்கியதும் டாக்டர் ராணுவத்தில் சேர்ந்து போய்விட்டார். இன்னொரு டாக்டர் வருவார் வருவார் என்றார்கள். வாரத்துக்கு ஒருதரம் பக்கத்து ஊர் டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கையில்.

மறுநாளே அவர் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாயைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் குழாயில் என்ன கேட்கும் என்றுகூட அவருக்குத் தெரியாது என்பது என் எண்ணம். மனிதர் மதுரைக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். "வாங்க அண்ணாச்சி, தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு" என்று ஒவ்வொருவரையும் சொந்தக்காரர் மாதிரி விசாரிப்பார். நான் யாரையும் அப்படி விசாரிப்பதில்லை. ஊருக்கு அவரைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

மழை விட்டதும் பள்ளத்தாக்கு முழுக்கக் குளிர்காய்ச்சல். ஆற்றங்கரை வயல்காரர்கள், மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர்கள், எல்லாரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். அதற்கு மருந்தான கொயினா மிக்ஸரைக் குடிக்க அவர்களுக்கு வெறுப்பு. கசப்பு, காது அடைப்பு, குமட்டல். கம்பவுண்டர் கொயினாவை ஊசியில் ஏற்றி இடுப்புக்குக் கீழே போட ஆரம்பித்தார். ஊசி என்றதும் ஜனங்களுக்கு வந்த பக்தி இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு எரியும். ஊசி குத்திக்கொண்டவன் பாதிக் காய்ச்சல் இறங்கின முகத்தோடு போவான். கம்பவுண்டர் வீட்டுக்கு வாழைத்தாரும் கோழியும் போகும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "டாக்டர் இல்லாதப்ப நீங்க ஊசி போடக் கூடாது. தெரியுமில்ல?"

"நீ மட்டும் போடலையா, நர்சம்மா?"

"நான் போடுறது டாக்டர் சொல்லி. பழகிப் போடுறேன். நீங்க எங்க குத்துறோம்னே தெரியாமக் குத்துறீங்க."

"எத்தனை வருஷமா மருந்து கலக்குறேன். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்று சிரித்தார். "பிள்ளைத்தாச்சிகளோட உன் ராஜ்ஜியத்த வச்சுக்க. இங்கன வராத."

அந்தக் காய்ச்சல் காலம் முடிவதற்குள் ஒரு பெண்குழந்தையின் கால் போனது.

வாழை போட்டிருந்த ஒரு சம்சாரியின் மகள். ஓடியாடித் திரிந்த வயது. காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவள் மறுநாள் எழுந்து நின்றால் வலது பாதம் தொங்கியது. தூக்கி வைக்க வரவில்லை. ஊசி நரம்பில் இறங்கியிருந்தது. தாய்க்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பவுண்டர் இல்லாத நேரம் பார்த்துப் பின்பக்கமாக என்னிடம் வந்தாள். நான் உள்ளதைச் சொன்னேன். தேய்த்துவிடவும், பாதத்தைத் தூக்கிக் கட்டிவைக்கவும் சொல்லிக் கொடுத்தேன். "மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தாயி" என்றேன். அவள் போகவில்லை. புருஷன் விடவில்லை. காய்ச்சல்தான் காலை வாங்கிவிட்டது என்று கம்பவுண்டர் அவனிடம் சொல்லியிருந்தார். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தானே. வேறு எதை நம்புவான்?

இதற்கிடையில் கம்பவுண்டர் சும்மா இருக்கவில்லை. ஊர்ப் பெரிய நிலக்காரர் ஒருவருக்கு ஜில்லா போர்டில் செல்வாக்கு. அவரைப் பிடித்து மதராஸுக்கு மனு போட வைத்தார். டாக்டர்கள் சண்டைக்குப் போய்விட்டார்கள், ஜனங்கள் காய்ச்சலில் சாகிறார்கள், அனுபவமுள்ள கம்பவுண்டர்கள் ஊசி போட அரசாங்கம் அனுமதிக்க வேண்டும் என்று மனு. ஊரே கைநாட்டு வைத்தது. என்னிடமும் வந்தார்கள். மாட்டேன் என்றேன். அன்றைக்கே பால்காரி எனக்குப் பால் ஊற்றுவதை நிறுத்தினாள்.

அந்த மனுவை விசாரிக்க ஒரு மருத்துவ அதிகாரி வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் ஆள்தான், தமிழ்தான் பேசினார். ஆனால் கோட்டும் தொப்பியுமாக, கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்த புழுதியை விரலால் தட்டிக்கொண்டே இறங்கிய விதத்தில் யாரையும் மதிக்கவில்லை என்பது தெரிந்தது. ஆஸ்பத்திரி முன்னால் வேப்பமரத்தடியில் மேஜை போட்டார்கள். கூட்டம் சந்தை மாதிரி. ஒவ்வொருவனாக வந்து கம்பவுண்டர் புகழ் பாடினான். "அவுக இல்லாட்டி இந்த ஊர் சுடுகாடாப் போயிருக்கும் சாமி. எங்க வீட்ல மூணு உசுரக் காப்பாத்துனாக" என்றார் ஒரு கிழவர். கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், கல்யாணப் பெண் மாதிரி.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "நீ என்ன சொல்கிறாய்?"

"இவரை ஊசி போட விடக் கூடாதுங்கய்யா. ஒரு குழந்தை கால் போயிருச்சு."

அந்தச் சம்சாரி எழுந்தான். "பொய்யி. காய்ச்சல்ல போச்சு. இந்தப் பொம்பளைக்குக் கம்பவுண்டர் ஐயாவைக் கண்டா ஆகாது. அதான் பேசுறா."

அவன் மனைவி குழந்தையோடு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் நேராகப் போய்க் குழந்தையை வாங்கினேன். அவள் கொடுத்தாளா, நான் பிடுங்கினேனா என்று கேட்டால் இரண்டும்தான். கொண்டுவந்து மேஜைமேல் உட்காரவைத்து, பாவாடையை முழங்காலுக்கு மேலே ஒதுக்கி, "காலத் தூக்கு கண்ணு" என்றேன். இடது பாதம் எழும்பியது. வலது பாதம் தொங்கிக்கொண்டே இருந்தது. குழந்தை அழத் தொடங்கியது. அதிகாரி குனிந்து பார்த்தார். ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து ஆறின தழும்பைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து கம்பவுண்டரைப் பார்த்த பார்வையில் மனு அங்கேயே செத்துவிட்டது.

கம்பவுண்டருக்கும் அது புரிந்தது. தேன் எல்லாம் வற்றிப்போய், "இவ மட்டும் யாருங்கய்யா? இவளும் டாக்டர் இல்லாம எர்காட் ஊசி போடுறா. தையல் போடுறா. கேளுங்க" என்றார்.

"உண்மையா?"

"உண்மைதான். டாக்டர் சொல்லிக் கொடுத்து அனுமதிச்சது."

"அந்த டாக்டர் எங்கே?"

"ராணுவத்துல."

"அவர் போனபிறகு யார் அனுமதித்தது?"

யாரும் அனுமதிக்கவில்லை. அவர் பேனாவை மூடினார்.

சில வாரத்தில் உத்தரவு வந்தது. கம்பவுண்டர்கள் எந்த ஊசியும் போடக் கூடாது. மருத்துவச்சிகளும் போடக் கூடாது, தையலும் கூடாது. யார் யார் எதைச் செய்யலாம் என்று அரசாங்கம் யோசித்து விதி செய்யும்வரை இப்படியே. ஊசி மருந்தெல்லாம் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க வேண்டும், வருகிற டாக்டர் மட்டும் எடுக்கலாம். மருந்துக் கையிருப்புக்குக் கம்பவுண்டர்தானே பொறுப்பு, சாவி அவரிடம் இருக்கட்டும்.

அந்தக் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். குழந்தையின் காலை முடக்கியவன் கையில் சாவி. அவனைப் பிடித்துக் கொடுத்த என் கை காலி.

ஊர் என்னை விடவில்லை. ஊசியை நிறுத்தியது நான்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் எனக்கு மட்டும் அரிசி இல்லை என்பார். தெருவில் நடந்தால், "சாமிக்கு நேந்துவிட்ட கெடா மாதிரி திரியுறா பாரு" என்று காதுபடச் சொல்வார்கள். பிரசவத்துக்குக் கூப்பிடுவது அநேகமாக நின்றது. பழையபடி வீட்டிலேயே அரிவாளால் தொப்புள்கொடி அறுத்தார்கள். அதில் ஒரு பச்சைப்பிள்ளை புண்ணில் விஷமேறி வாய் கட்டிச் செத்தது. அதையும் என் கண் பட்டது என்றார்கள். நானும் சளைக்கவில்லை. என்னைப் பேசினவர்களை முகத்துக்கு நேரே பேசினேன். ராத்திரி ஓட்டின்மேல் கல் விழுந்தால் காலையில் அந்தக் கல்லைக் கொண்டுபோய் நிலக்காரர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

அறுவடைக் காலம். உச்சிப்பொழுது. சுருளிப்பட்டிப் பக்கம் வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு வலி கண்டு, வண்டியில் ஏற்றி வரும்போதே வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நச்சுக்கொடியும் விழுந்துவிட்டது. தாய்க்குத்தான் உதிரம் நிற்கவில்லை. வண்டியில் விரித்த வைக்கோல் சொதசொதவென்று இருந்தது. கூட வந்தவர்கள் அவள் மாமியாரும் புருஷனும்தான்.

கட்டிலில் கிடத்தி வயிற்றைக் கசக்கிக் கருப்பையை அழுத்திப் பிடித்தேன். பிடித்திருக்கும்வரை நின்றது. கையை எடுத்தால் மறுபடி. எர்காட் மருந்தை வாயில் ஊற்றினேன். வாந்தி எடுத்துவிட்டாள். உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. மாமியாரின் கையைப் பிடித்து வைத்து, "இங்கன அமுக்கு. கை கழண்டு விழுந்தாலும் விடாத" என்று சொல்லிவிட்டு மருந்தறைக்கு ஓடினேன்.

கம்பவுண்டர் உட்கார்ந்து மருந்துப் புட்டிக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சாவி குடுங்க."

"எதுக்கு?"

"உதிரம் நிக்கல. எர்காட் ஊசி போடணும்."

"டாக்டர் வெள்ளிக்கிழமை வருவாரு."

"அவ சாயங்காலம்வரைக்கும் இருக்க மாட்டா."

"உத்தரவு இருக்கே நர்சம்மா." காகிதத்தை நீவிவிட்டார். "நீதானே வாங்கிக் குடுத்தே."

அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, சந்தோஷம். மருந்து இடிக்கிற இரும்புக் குழவி கல்வத்தில் கிடந்தது. எடுத்து அலமாரிக் கண்ணாடியில் அடித்தேன். அவர் "ஏய்" என்று எழுந்தார். "கிட்ட வந்தா அடுத்தது உங்க மண்டை" என்றேன். வரவில்லை. கண்ணாடிச் சில்லுக்குள் கையை விட்டு எர்காட் குப்பியைத் தேடி எடுத்தேன். ஸ்பிரிட்டில் கிடந்த ஊசியில் ஏற்றிக்கொண்டு போய்த் தொடையில் போட்டேன். பிறகு மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கைக்கு அடியில் கருப்பை தேங்காய் மாதிரி இறுகியது. அவள் பிழைத்துக்கொண்டாள். என் மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருப்பதை மாமியார் சொல்லித்தான் பார்த்தேன்.

கம்பவுண்டர் அன்றைய பஸ்ஸிலேயே புகாரை அனுப்பிவிட்டார். மறுபடி அதே அதிகாரி. மறுபடி மேஜை. இந்த முறை குற்றவாளி நான்.

சாட்சி சொல்ல அந்த மாமியாரைக் கூப்பிட்டார்கள். நிலக்காரர் வயலில் கூலி வேலை செய்கிற குடும்பம். அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "திருடி கணக்கா கண்ணாடிய ஒடச்சாக. கம்பவுண்டர் ஐயாவ அடிக்கப் போனாக. என் கண்ணால பாத்தேன்" என்றாள். அன்றைக்கு அவள் மருந்தறைப் பக்கமே வரவில்லை. போகிற போக்கில், "மருமக நல்லா இருக்கா. களை எடுக்கப் போயிருக்கா" என்று சேர்த்துக்கொண்டாள். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அதிகாரி என்னைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். "நீ செய்தது மருத்துவப்படி சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உத்தரவை உடைத்தாய்."

"அவ செத்திருந்தா உங்க உத்தரவு என்ன செஞ்சிருக்கும்?"

"அந்தக் கம்பவுண்டரும் தான் செய்தது சரியென்றுதான் நினைத்தான். ஒவ்வொருவரும் தனக்குத் தெரியும் என்று ஊசியை எடுத்தால் என்ன ஆகும் என்பதை நீதான் எனக்கு மேஜைமேல் உட்காரவைத்துக் காட்டினாய்."

என்னையும் அவனையும் ஒரே தட்டில் வைத்தார். அண்ணன் துரத்தியபோதுகூட எனக்கு அப்படி எரியவில்லை. "நான் பரீட்சை எழுதினவ. பதிவு இருக்கு எனக்கு. அவன் யாரு?" என்று கத்தினேன்.

"உன் பரீட்சையில் ஊசி இல்லை" என்றார். அது உண்மைதான். அதற்காகவே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

"அப்ப அதையும் வச்சு என்னைச் சோதிங்க. தேறலைன்னா அனுப்புங்க. சோதிக்காமலே பூட்டுப் போட்டு, சாவிய அவன் கையில குடுத்தது யாரு?"

அவர் எழுந்தார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனார். மறுபடி மதினியின் அடுப்படி. அங்கே கழித்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நானும் மதினியும் பேசிக்கொள்ளவில்லை.

பிறகு விதி வந்தது. டாக்டர் இல்லாத ஆஸ்பத்திரிகளில் மருத்துவச்சிகள் எர்காட் ஊசியும் சின்னத் தையலும் போடலாம். அதற்குமுன் மதுரையில் தனிப் பயிற்சி எடுத்துப் பரீட்சையில் தேற வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அதிகாரி வந்து சோதிப்பார். கம்பவுண்டர்களுக்கு இல்லை. என்னைப் போல் எத்தனை ஊரில் எத்தனை பேர் சண்டை போட்டார்களோ, யாருக்காக மாற்றினார்களோ, எனக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். போனேன்.

கடைசி நாள் பரீட்சை மேஜைக்குப் பின்னால் அந்த அதிகாரியேதான் உட்கார்ந்திருந்தார். எந்த நேரத்தில் எர்காட் போடவே கூடாது என்று கேட்டார். பிள்ளை வெளியே வருவதற்குமுன் என்றேன். ஏன் என்றார். சொன்னேன். ஊசியைத் தொடையில் எந்த இடத்தில், ஏன் அங்கே என்றார். காட்டினேன். மற்றவர்களைவிட என்னை அதிக நேரம் கேட்டார். வாய்விட்டுத் திட்டாத குறைதான். தேறினேன் என்று கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைத் தள்ளினார். நான் வணக்கம் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பண்ணைப்புரத்துப் பக்கம் வேறொரு ஊருக்கு மாற்றினார்கள். அலமாரிச் சாவி என் இடுப்பில் தொங்கியது. அங்கே ஜனங்கள் என்னை நேசித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டார்கள், அது போதும்.

சில வருஷம் கழித்து உத்தமபாளையம் சந்தையில் அந்தக் குழந்தையின் தாயைப் பார்த்தேன். நானாகப் போய், "மக எப்படி இருக்கா தாயி?" என்றேன்.

"நடக்குறா. இழுத்து இழுத்து நடக்குறா" என்றாள். தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள். "காய்ச்சல்ல போச்சுன்னு ஊரு நினைச்சிருந்தா பரிதாபப்பட்டிருக்கும். நீ மேசைல தூக்கி வச்சு, பாவாடைய ஒதுக்கி, ஊருக்கே காட்டுன. இப்ப வரைக்கும் ஏ நொண்டின்னு சொல்லித்தான் பயலுக கூப்பிடுறானுக. கம்பவுண்டரு கால எடுத்தாரு. நீ பேர எடுத்த."

நான் காட்டாவிட்டால் இன்னும் எத்தனை குழந்தை என்று வாய்வரை வந்தது. அவள் தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவள் கேட்க வேண்டிய நியாயம் அது இல்லை.

கம்பவுண்டர் அதற்குள் போர்டு வேலையை விட்டுவிட்டிருந்தார். கம்பம் போகிற ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டு, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் பார்ப்பேன். வரிசை நிற்கும். உள்ளே போகிறவன் வேட்டியை ஒதுக்கிக்கொண்டே போவான், இடுப்பைத் தடவிக்கொண்டே வெளியே வருவான்.

அந்த வருஷச் சோதனைக்கு வந்தவரும் பழைய அதிகாரிதான். தலை நரைத்துவிட்டது. ஊசிகளைக் கொதிக்க வைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். குப்பிகளை எண்ணினார். எல்லாம் முடிந்ததும் நான் கேட்டேன்.

"என்னை வருஷா வருஷம் வந்து பாக்குறீங்க. ரோட்டுமேல கடை போட்டிருக்காரே, அவரை யாரு பாக்குறது?"

"அவர் இப்போது சர்க்கார் ஆள் இல்லை. பதிவில்லாதவர் தன் சொந்தக் கடையில் வைத்தியம் பார்ப்பதைத் தடுக்க எங்களுக்குச் சட்டம் இல்லை."

"அப்ப ஆஸ்பத்திரிக்குள்ள போட்டாத்தான் நரம்புல இறங்குமா?"

அவர் முகம் சிவந்தது. "உன் வேலையை நீ பார்" என்றார்.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். காபி வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.